ஐம்பதில் நிற்கணும்

"அம்மிணி, கோழியெல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குதுங்க! இன்னொருக்கா போட்டுப் பாருங்க!" கதிர்வேல் கிட்டத்தட்ட அழுதுவிட்டார்.

புதுச்சத்திரத்தை ஒட்டிய அவருடைய மூடிய ஷெட்டில் பத்தாயிரம் கோழிகள். காற்றில் மின்கம்பம் சாய்ந்து, ஃபேன்கள் நின்று இருபது நிமிடம் ஆகிவிட்டது. அவரும் பக்கத்துத் தோட்டத்துச் சின்னானும் கூட்டாகப் போட்ட சோலாரைச் சோதிக்கச் சேலத்திலிருந்து வந்திருந்த இன்ஜினீயர் நான்சி, மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"போட்டேனே சார். கரண்டோட ஃப்ரீக்வென்சி ஐம்பது ஹெர்ட்ஸ்ல நிக்கணும். நின்னுச்சு. திடீர்னு யாரோ பெரிய மோட்டாரைப் போட்டுட்டாங்க. ஏத்தத்துல லோடு லாரி திணறுற மாதிரி நாற்பத்தேழுக்கு இறங்கி, ஆஃப் ஆயிருச்சு. ஈ.பி.யோட பெரிய லைன் இருந்தா தாங்கும். இப்ப வெறும் சோலாரும் பேட்டரியும்தானே? வானம் வேற மூடிக்கிச்சு."

"அப்ப?"

"இன்னும் ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணத்தான் சார்ஜ் இருக்கு. ஃபேன் தவிர எதுவும் ஓடக் கூடாது."

"எம் மோட்டாரை நான் காலையிலயே நிறுத்திட்டனுங்க. அந்தச் சின்னான் பயதான்! சோளக்காட்டுக்குத் தண்ணி கட்டறான். நாசமாப் போறவன்!"

கோபம் வந்தால் கதிர்வேலுக்குக் கண்ணு மண்ணு தெரியாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். "சத்தியமா நானில்லீங்க மாமா!" என்று சின்னான் கும்பிட்டதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவன் மோட்டாரின் ஃப்யூஸைப் பிடுங்கிக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பினார்.

"இப்பப் போடுங்க அம்மிணி!"

நான்சி சுவிட்சைப் போட்டாள். ஃபேன்கள் உறுமின. ஐம்பது. கதிர்வேலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"மாரியாத்தா, காப்பாத்திட்டே!"

நாற்பத்தொன்பது. நாற்பத்தெட்டு. நாற்பத்தேழு.

ஃபேன்கள் நின்றுவிட்டன.

"இனி என்னால ஒண்ணும் பண்ண முடியாது சார்," என்றாள் நான்சி, அவர் முகத்தைப் பார்க்காமல்.

ஷெட்டுக்குள் கோழிகளின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிக்கொண்டே வந்தது. கதிர்வேல் மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

ஷெட்டுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி குப்பாயி பதறியடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஏனுங்க, என்ன கரண்டுங்க இது? கோழிகளுக்குக் குளுகுளுன்னு இருக்கட்டும்னு, கூரைக்குத் தண்ணியடிக்க நம்ம கெணத்து மோட்டாரைப் போட்டேன். ரெண்டு தடவையும் போட்ட ஒடனே நின்னுபோச்சுங்க!"