ஜூரி மிஸ்ஸுக்கு ஒரு கேக்

"மிஸ் வந்துட்டாங்க! கத்தாதீங்கடா, உள்ள வரட்டும்!"

ஹாலரன் டீச்சர் கதவைத் திறந்ததும் எட்டாம் வகுப்பு மொத்தமும் எழுந்து கை தட்டியது. பலகையில் 'எங்கள் ஜூரிக்கு நன்றி' என்று கோணல்மாணலாக எழுதியிருந்தது. மேஜை மேல் ஒரு சாக்லேட் கேக் இருந்தது.

சில வாரங்களாக டீச்சர் பள்ளிக்கு வரவில்லை. "கோர்ட்டில் இருக்கிறார்" என்று சொன்ன தலைமையாசிரியர், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அமெரிக்காவின் ஒஹாயோவில் ஓட்டுரிமை உள்ள யாரையும், குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு பேர் ஜூரியில் ஒருவராக உட்காரக் கூப்பிடுவார்கள். வழக்கு முடியும்வரை ஜூரி அதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. இந்த இரண்டையும் பிள்ளைகளுக்கு நடத்தியதே ஹாலரன் டீச்சர்தான்.

அதனால் பிள்ளைகள் தாங்களாகவே புரிந்துகொண்டார்கள். ஊருக்குப் புதிதாக வந்து தனியாக இருக்கும் டீச்சரைக் கடைத்தெருவில் பார்த்தபோதுகூட, யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வாண்டுகள் ஒரு விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தது அதுதான் முதல் தடவை.

டீச்சர் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மேவிஸ் கேக்கை வெட்டி, தட்டை அவர் கையில் திணித்துவிட்டாள்.

"என்ன மிஸ், கோட்டெல்லாம் நாய் முடி?" என்றான் டெஷான். "நாயைக் கண்டா அந்தப் பக்கம் ஓடுவீங்களே!"

"இப்ப வீட்ல ஒண்ணு இருக்குடா. என்ன பண்றது, வந்து சேர்ந்துடுச்சு."

டெஷான்தான் வகுப்பின் பிரிட்டிஷ் சிப்பாய். அமெரிக்கச் சுதந்திரப் போருக்கு முன்னால் பாஸ்டன் தெருவில் கூட்டத்தைச் சுட்ட சிப்பாய்களின் வழக்கை வகுப்பில் நாடகமாக நடத்திக்கொண்டிருந்தபோதுதான் டீச்சர் லீவில் போனார். வாதமெல்லாம் முடிந்து தீர்ப்பு மட்டும் பாக்கி. அவருக்குப் பதிலாக வந்த டீச்சர் கெஞ்சிப் பார்த்தும் பிள்ளைகள் மசியவில்லை. "எங்க மிஸ் வந்துதான் முடிப்போம்" என்றுவிட்டார்கள். புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பினால் உண்மையான தீர்ப்பு தெரிந்துவிடும். யாரும் திருப்பவில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள்.

"கேஸ் முடிஞ்சிடுச்சுல்ல மிஸ், இப்ப கேக்கலாம்ல?" மேவிஸ் நெருங்கி வந்தாள். "குடிச்சுட்டுக் காரை ஓட்டி ஒருத்தரைக் கொன்னுட்டானாமே? எங்க மாமா சொன்னாரு."

"ஆமா."

"அவனையெல்லாம் வெளியவே விடக் கூடாது மிஸ். நல்லவேளை, நீங்க இருந்தீங்க!"

டீச்சர் கேக்கைத் தொடவில்லை. "செத்துப் போனவருக்குச் சின்னச் சின்னக் குழந்தைங்க," என்றார். "அந்தப் பன்னிரண்டு பேரு சொன்னதுல தப்பே இல்ல. தினமும் ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்துக்கிட்டே இருந்தேன். யாரும் அவசரப்படல."

அவர் குரல் கம்மியது. சளி பிடித்திருக்கிறது என்று மேவிஸ் நினைத்துக்கொண்டாள்.

"சரி, நம்ம கேஸை முடிப்போம். ரோசலின், எழுந்திரும்மா."

ரோசலின்தான் வகுப்பு ஜூரியின் தலைவி. தீர்ப்பை அவள் வாயால்தான் சொல்ல வேண்டும். டெஷான் அக்காவின் சிவப்புக் குளியல் அங்கியை மாட்டிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டி அவள் எதிரில் வந்து நின்றான்.

அந்தக் காலத்தில் கொலைக்குத் தூக்கு. வகுப்பு ஜூரியில் இருந்த எல்லோரும் 'குற்றவாளி' என்று எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். ரோசலின் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"சொல்லித் தொலைடி! நான் போயிட்டா என் சிப்ஸ் பூரா உனக்குத்தான்."

வகுப்பு சிரித்தது. ரோசலின் கண்ணில் நீர் முட்டியது. அதைப் பார்த்ததும் டெஷானின் இளிப்பு அடங்கிவிட்டது.

"என்னால முடியல மிஸ். எல்லாரும் சேர்ந்துதான் முடிவு பண்ணோம். ஆனா இவன் மூஞ்சியைப் பார்த்தா வாய் வர மாட்டேங்குது." புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "விளையாட்டுக்கே எனக்கு இப்படி இருக்கே, நீங்க நிஜமா எப்படி மிஸ் தாங்கினீங்க? தீர்ப்பு சொல்றப்போ அவன் முகத்தைப் பார்த்தீங்களா?"

டீச்சர் தட்டை மேஜை மேல் வைத்தார். கோட்டில் ஒட்டியிருந்த முடி ஒன்றை எடுத்தார். அதைக் கீழே போடாமல் விரலில் வைத்துக்கொண்டே நின்றார்.

"பார்த்தேம்மா. அவனும் என்னைத்தான் பார்த்துக்கிட்டிருந்தான்."

"கோபமாவா மிஸ்?"

"இல்ல."

"ஏதாவது சொன்னானா?"

டீச்சர் ஆமாம் என்று தலையசைத்தார். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

"'அம்மா, நீ அழாத, என் நாயைப் பாத்துக்கோ'ன்னான்."