ஒரு வெள்ளிக்கு மூணு

"ஆயிரம் வெள்ளி வரைக்கும் ஏத்திக் கேளு. அதுக்கு மேல வாயத் தொறக்காத. வெளங்குதா?"

கோயில் கமிட்டித் தலைவர் ஜெயராஜ், நாகையாவின் காதில் கிசுகிசுத்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டும் நாகையா தலையை ஆட்டினார்.

மலேசியாவில், கிள்ளான் நகரத்து அம்மன் கோயிலில் திருவிழா முடிந்து, அன்னதானமும் முடிந்து, சனம் பல் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இனி ஏலம்தான் பாக்கி. திருவிழா முழுக்க அம்மன் சூலத்தில் குத்தியிருந்த எலுமிச்சம்பழத்தை ஏலத்தில் எடுத்துச் சாப்பிட்டால், பிள்ளை இல்லாதவர்களுக்குப் பிள்ளை பிறக்கும் என்று நம்பிக்கை.

நம்பிக்கை ஊருக்கு. ஜெயராஜுக்கு அது வியாபாரம்.

வருஷா வருஷம் லோரி கம்பெனி முதலாளி பரமேஸ்வரன்தான் பழத்தை எடுப்பார். அவர் வீட்டில் பேரப்பிள்ளைகளுக்கே பஞ்சமில்லை. அவருக்குப் பழம் எதற்கு? மைக்கில் பேர் வரவேண்டும், அவ்வளவுதான். எதிர்த்துக் கேட்க ஓர் ஆள் இருந்தால் அவருக்கு ரோஷம் வரும், விலை ஏறும். அந்த ஆளாக இந்த வருஷம் நாகையாவைப் பிடித்திருந்தார் ஜெயராஜ்.

"நான் ஆயிரம் வெள்ளி கேட்டா யாரு தலைவரே நம்புவா?"

"உன் மவளுக்குப் பிள்ளை இல்லன்னு ஊருக்கே தெரியும் லா. நம்புவாங்க."

நாகையாவின் முகம் சுருங்கிப்போனது. ஜெயராஜ் அதைக் கவனிக்கவில்லை. அடுத்தவர் முகத்தைக் கவனிக்கிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது.

மகள் ரமணி பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் இருந்தாள். கல்யாணமாகி ஏழு வருஷம். ஆஸ்பத்திரிக்கு அலைந்தும் ஓய்ந்தாயிற்று. பந்தியில் யாரோ ஒரு புண்ணியவதி, "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று கேட்டதிலிருந்து குனிந்த தலை நிமிரவில்லை.

சூலத்திலிருந்து பழத்தை இறக்குவது தலைவர் கையால்தான் என்பது அந்தக் கோயில் வழக்கம். முற்றத்துச் சூலத்தைச் சுற்றித் திரை போட்டதும் ஜெயராஜ் அதற்குப் பின்னால் போனார். போனவர், பக்தி வழிய வழியப் பழத்தைத் தாம்பாளத்தில் ஏந்தி வந்தார்.

"நூறு!" என்றார் பரமேஸ்வரன்.

"எரநூறு!" என்றார் நாகையா.

கூட்டமே திரும்பிப் பார்த்தது. பரமேஸ்வரனுக்கு எதிர்பார்த்தபடியே ரோஷம் வந்தது. ஐந்நூறு ஆனது, எண்ணூறு ஆனது.

"ஆயிரம்!" என்றார் நாகையா.

"ஆயிரத்து நூறு!"

வேலை முடிந்த திருப்தியில் ஜெயராஜ் மைக்கை வாயருகே கொண்டுபோனார். "ஆயிரத்து நூறு, ஒரு தரம்... ரெண்டு தரம்..."

நாகையா மகளைத் திரும்பிப் பார்த்தார். ரமணி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் கூப்பியிருந்தது. அப்பா தனக்காகத்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டாள், பாவம்.

"ஆயிரத்து ஐந்நூறு!" என்றார் நாகையா.

ஜெயராஜ் முறைத்தார். இருமினார். மைக்கைத் தட்டிப் பார்த்தார். நாகையா அவர் பக்கமே திரும்பவில்லை.

"ரெண்டாயிரம்!" என்று கத்தினார் பரமேஸ்வரன்.

"ரெண்டாயிரத்து எண்ணூறு!"

பரமேஸ்வரன் கையை உதறினார். "அந்த ஆளே வெச்சுக்கட்டும் லா. மொதல்ல காசு கட்டுறானான்னு பாருங்க."

கூட்டம் சிரித்தது. ஜெயராஜ் நாகையாவை ஆபீஸ் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"மூளை இருக்காய்யா உனக்கு? ஆயிரத்தோட நிறுத்தச் சொன்னேன்ல? இப்ப யாரு கட்டுறது?"

"நான்தான் கட்டுறேன். வேனுக்கு இஞ்சின் மாத்த வெச்சிருந்த காசு இருக்கு. போன்லயே அனுப்பிடுறேன்."

"அப்புறம் வேன் எப்படி ஓடும்?"

"ஓடுற வரைக்கும் ஓடட்டும் தலைவரே."

"மடையன்யா நீ! பாசார்ல ஒரு வெள்ளிக்கு மூணு குடுக்கிற பழம்யா இது!"

"உங்களுக்கு இது தேவையில்ல, அதான் அப்படித் தெரியுது. எனக்கு வேணும். எம்புட்டு ஆனாலும் வேணும்."

பழத்தைக் கையில் வாங்கியதும் நாகையாவின் கண் கலங்கிவிட்டது.

"பாருங்க தலைவரே, இத்தனை நாள் வெயில்ல நின்ன பழம். கொஞ்சமாச்சும் வாடியிருக்கா பாருங்க! அம்மா கண்ணத் தொறந்துட்டா."

ஜெயராஜ் போனில் பணம் வந்துவிட்டதா என்று பார்த்தார். வந்திருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்தார். மருமகள் சந்திரகலா கோப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்கும் கல்யாணமாகி நாலு வருஷம் ஓடிவிட்டது. அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

"ஏலம் எப்படிப் போச்சு மாமா?"

"ரெண்டாயிரத்து எண்ணூறு! ஒரு வேன்காரன் எடுத்தான். புத்தி கெட்ட பய."

சிரித்துக்கொண்டே வேட்டி மடிப்பிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஓர் எலுமிச்சம்பழம் வெயிலில் சுருங்கி, பழுப்பேறிக் கிடந்தது. நடுவில் சூலம் குத்திய ஓட்டை.

"பூஜை ரூம்ல வெச்சிடும்மா. காலையில குளிச்சிட்டு வெறும் வயித்துல சாப்பிடு. திருவிழா முழுக்க அம்மன் சூலத்துல இருந்த பழம்."

சந்திரகலா திகைத்துப்போய் நின்றாள். "அப்போ... அந்த வேன்காரர் எடுத்துட்டுப் போனது?"

ஜெயராஜ் நிதானமாக ஒரு வாய் கோப்பியை உறிஞ்சினார்.

"ஒரு வெள்ளிக்கு மூணுன்னு அவன் மூஞ்சிக்கு நேராவே சொன்னேம்மா. மடையன், அவன்தான் கேக்கல."