இரண்டாவது நெருப்பு வேண்டாம்

"அந்த போனை யாராவது எடுங்களேன்!" அடுப்படியிலிருந்து அலறினான் காத்தெல்லோ.

இரண்டு கையிலும் மாவு. ஆனால் மாவு ஒரு சாக்குத்தான். எடுக்கத் தைரியம் இல்லை, அதுதான் நிஜம்.

காலையில் அவன் மனைவி ஆக்னேசேயை ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். வராந்தாவில் நின்றவன் ரத்தத்தைப் பார்த்ததும் சரிந்து விழுந்தான். மாமியார்தான் தண்ணீர் தெளித்து எழுப்பினாள். "மாப்ளே, உங்களைத் தூக்குறதா, அவளைப் பார்க்கிறதா? போங்க, போய் உங்க அடுப்பைக் கட்டிக்கிட்டு அழுங்க!"

தன் பீட்சா கடைக்கே வந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து கிரான்யானோ ஊரே கடை வாசலில் நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து இதுவரை ஒரு தகவலும் இல்லை. அவள் பிழைப்பாளா?

கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். பீட்சா மாவை நீளமாக இழுத்தான். விறகடுப்புக்குள் தள்ளினான். உப்பி வந்ததும் எடுத்துக் குறுக்கே வகிர்ந்தான். உள்ளே பன்றிக்கறி, பாலாடைக்கட்டி. மூடி, மறுபடியும் அடுப்புக்குள். அதுதான் பனுவோட்ஸோ.

அந்த இரண்டாவது நெருப்பு படாத ஒரு பனுவோட்ஸோகூட இந்தக் கடை வாசலைத் தாண்டியதில்லை.

கல்லாவில் இருந்த தித்தீனா போனை எடுத்தாள். கேட்டாள். சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஆர்டர்ணே," என்றாள் திரும்பாமலேயே. "ஒரு பனுவோட்ஸோ. உப்பு போட்டு உலர்த்தின தொடைக்கறி வச்சு. ரெண்டாவது தடவை அடுப்புல வைக்கக் கூடாதாம்."

தேங்கியிருந்த பயமெல்லாம் கோபமாகப் பொங்கியது.

"எந்த மடையன் அது? நெருப்பு வேணாம்னா பேக்கரியில போய் ரொட்டி வாங்கித் திங்கச் சொல்லு!"

"திட்டிட்டீங்களா?" தித்தீனா திரும்பினாள். கன்னமெல்லாம் ஈரம், வாயெல்லாம் சிரிப்பு. "முதல்ல அவர் திட்டட்டும், அப்புறம் பேரைச் சொல்லுன்னாங்க. ஆர்டர் ஆக்னேசே அக்காவோடது."

ரொட்டி தள்ளும் நீளப் பலகை அவன் கையிலிருந்து நழுவித் தடாலென்று விழுந்தது.

மாதக்கணக்கில் டாக்டர் போட்டிருந்த தடை அது. வேகாத கறி ஒரு துண்டுகூட அவள் நாக்கில் படக்கூடாது. உத்தரத்தில் தொங்கும் தொடைக்கறியைத் தினமும் அண்ணாந்து பார்ப்பாள். அவன் மெல்லிசாகச் சீவி, ரொட்டிக்குள் வைத்து, அடுப்பில் முறுகவிட்டுத் தருவான். "செருப்புத் தோல்" என்பாள். என்றாலும் தின்பாள்.

இன்றைக்கு அவளே நெருப்பு வேண்டாம் என்கிறாள்.

அப்படியென்றால்...

வெந்து தயாராக இருந்தது ஒரே ஒரு ரொட்டி. அதற்காக வெகுநேரம் முணுமுணுத்துக்கொண்டு நின்றவர், மாக்கரோனி மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சபாத்தோ. ஊரில் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லாத மனுஷர். காத்தெல்லோ ரொட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என் மூஞ்சியில என்னடா எழுதியிருக்கு?" என்றார் அவர். "எடுத்துக்கிட்டு ஓடுடா!"

காத்தெல்லோ எம்பி, அவருடைய சவரம் செய்யாத கன்னத்தில் முத்தமிட்டான். அடுப்பைப் பார்த்து ஒரு சிலுவை போட்டான். மாமியாரை நினைத்து இன்னொன்று.

கறியைச் சீவி அடுக்கினான். மூடினான். பழக்கதோஷம், கை தானாக அடுப்புப் பக்கம் நீண்டது.

"வேண்டாம்!" கடை மொத்தமும் ஒரே குரலில் கூவியது.

சிரித்துக்கொண்டே காகிதத்தில் சுற்றினான்.

"சாயங்காலம்தான் சாப்பிட விடுவாங்களாம். அதுவரைக்கும் வாசனையாவது பிடிக்கணுமாம்," என்று தித்தீனா போனை நீட்டினாள். "ஓடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை பேசிட்டுப் போங்க. அந்தத் தடைக்குக் காரணமான ஆள் லைன்ல இருக்காங்க."

மாவுக் கையோடு வாங்கிக் காதில் வைத்தான்.

அந்தப் பக்கம், ஒரு புத்தம் புதுக் குரல் வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.