கழற்றாத ஹெல்மெட்

லேப்டாப் ரிப்பேர் கடைக்குள் வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. லேப்டாப்பை மேசைமேல் வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரருக்கு ஏதோ உறுத்தியது. "பில் இருக்கா?"

"வீட்ல இருக்கு. சீக்கிரம் பாருங்கண்ணே."

"எதிர்லயே கம்பெனி சர்வீஸ் சென்டர் இருக்கே, அங்க காட்டலையா?"

"ஐயோ, அங்க வேணாம்!"

திருட்டுச் சரக்கேதான் என்று முடிவு கட்டினார் கடைக்காரர். "முகத்தைக் காட்டுங்க. இல்லேன்னா போலீஸைக் கூப்பிடுவேன்."

ஹெல்மெட் மெல்ல மேலே ஏறியது. எதிர் சர்வீஸ் சென்டர் மேனேஜர்!

"சார், நேத்து இதே மாடலை உங்ககிட்ட காட்டிட்டு அப்புறம் இங்க வந்த அம்மாகிட்ட, 'சரிபண்ணவே முடியாது, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க'ன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"மெதுவாப் பேசுங்கண்ணே," என்றார் மேனேஜர். "அது கஸ்டமருக்குச் சொல்றது. இது எங்க வீட்டு லேப்டாப்."