துரையை வெட்டிய தாத்தா

"எங்க தாத்தா இருந்தது இந்த ரூம்தாங்க" என்று செல்லுலார் ஜெயிலின் இரண்டாவது மாடியில் ஓர் அறையைக் காட்டினார் குழந்தைவேலு. கடல் காற்று நன்றாக வந்ததால் அந்த அறையைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

மாப்பிள்ளைப் பையனின் அப்பா நாகலிங்கம் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனார். சுவரில் இரண்டு கைகளையும் பதித்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். செல்ஃபிக்காக வரிசையில் நின்ற சுற்றுலாக் கும்பல் முணுமுணுக்க ஆரம்பித்தது.

குழந்தைவேலு அந்தமான்காரர். போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்தவர், அங்கேயே டாலிகஞ்சில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போன ஒரு தடவையோடு சரி, இந்தப் பக்கமே வந்ததில்லை. சொந்த ஊர் ஜெயிலுக்கு எவன் டிக்கெட் எடுப்பான்?

ஆனால் இன்றைக்கு மகள் கவிப்ரியாவின் கல்யாணமே இந்த ஜெயிலில்தான் மாட்டிக்கொண்டிருந்தது. மெயின்லேண்டிலிருந்து வந்த இரண்டு சம்பந்தங்கள் ஏற்கெனவே "கைதி வம்சமா?" என்று கேட்டுவிட்டுக் கழன்றுகொண்டன.

தீவில் பிறந்தவர்கள் "உங்க தாத்தா எதுக்காகக் கப்பல் ஏறினார்?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதில்லை. கேட்டால் தன் தாத்தா கதையையும் சொல்லவேண்டி வரும். மெயின்லேண்டுக்காரர்களுக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது.

அதனால் மூன்றாவது சம்பந்தத்துக்காகச் சிவகங்கைத் தரகர் போனில் விசாரித்தபோது, தாத்தாவின் பேரையும் ஊரையும் உள்ளபடி சொன்ன குழந்தைவேலு, வெட்டுப்பட்டவனை மட்டும் வெள்ளைக்காரத் துரையாக்கிவிட்டார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்கிறார்கள். அவர் ஒரே ஒரு பொய்யோடு நிறுத்திக்கொண்டார், பாவம்.

நேற்றுப் பெண் பார்த்தாயிற்று. கவிப்ரியாவுக்குப் பையனை ரொம்பப் பிடித்துவிட்டது. நாகலிங்கம் மட்டும், ஜெயிலை ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

இப்போது அவர் அறையை விட்டு வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"கிணத்தடியில வச்சா வெட்டுனாரு?"

குழந்தைவேலுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. உண்மையிலேயே கிணற்றடிதான். மெயின்லேண்டில் எல்லா வெட்டுக்குத்தும் கிணற்றடியில்தான் நடக்கும் போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, ஆமாம், துரை குளிக்க வந்த நேரம் என்றார்.

"வெள்ளைக்காரத் துரை நம்ம கிணத்துலயா குளிச்சாரு?"

"மத்லப்... அதாவது, குதிரையைக் குளிப்பாட்ட வந்தாருங்க."

பக்கத்தில் நின்ற மனைவி இந்திராணி புருஷனை முறைத்தாள். அவள் கல்யாணமாகி வந்த நாள் முதல் இந்தக் கதையில் குதிரை இருந்ததே இல்லை.

கீழே தியாகிகளின் பெயர் வெட்டிய பலகைகளின் முன்னால் நின்று, தாத்தா பேர் எங்கே என்று கேட்டார் நாகலிங்கம். சலவைக்கல் பத்தாமல் கொஞ்சம் பேரை விட்டுவிட்டார்கள் என்றார் குழந்தைவேலு. அதையும் நாகலிங்கம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

அந்தத் தலையாட்டலில்தான் குழந்தைவேலு கெட்டார். கைதி செக்கிழுக்கும் பொம்மைக்குப் பக்கத்தில் துரைக்குத் துணையாக இரண்டு சிப்பாய்கள் வந்து சேர்ந்தார்கள். தூக்குமேடை வருவதற்குள் தாத்தா ஒரு துப்பாக்கியையும் பிடுங்கிவிட்டார். இன்னும் கொஞ்சம் விட்டால் வைஸ்ராயையே வெட்டிவிடுவார் என்று இந்திராணிக்குத் தோன்றியது.

"பஸ் கரோ, போதும் நிறுத்துங்க" என்றாள். "அண்ணே, துரையும் இல்ல, குதிரையும் இல்ல. தண்ணி எறைக்கிற தகராறுல உள்ளூர்க்காரன் ஒருத்தனை வெட்டிட்டுக் கப்பலேறுனவரு இவங்க தாத்தா. பொய் சொல்லி என் பொண்ணைக் கட்டிக்கொடுக்க எனக்கு இஷ்டமில்ல."

தூக்குக் கயிறுகளுக்குக் கீழே நின்றபடி நாகலிங்கம் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார்.

மூன்றாவதும் போச்சு என்று குழந்தைவேலுவுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் கவிப்ரியா போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளிடம் இதை எந்த வாயால் சொல்வது?

"தெரியும்மா" என்றார் நாகலிங்கம். "தரகர் பேரும் ஊரும் சொன்ன அன்னைக்கே தெரியும். பொண்ணு போட்டோவக்கூடப் பாக்காமத்தான் பிளேனுக்கு டிக்கெட் போட்டேன். ஆவணியில கல்யாணத்த வச்சுக்கிருவமா, சம்பந்தி?"

சம்பந்தி என்று கூப்பிட்டது தன்னைத்தானா என்று குழந்தைவேலு திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. கொலைகாரர் வீட்டில் பெண் எடுத்தால் உங்கள் சனங்கள் சும்மா இருப்பார்களா என்று தட்டுத்தடுமாறிக் கேட்டார்.

"எங்க சனமா? எங்க அப்பத்தா சாகுற வரைக்கும், தை பொறந்தா உங்க தாத்தா பேரச் சொல்லித்தான் பொங்கப்பானைய எறக்கும். நான் நிம்மதியாச் சோறு தின்னதே அந்த மகராசன் புண்ணியத்துலதான்னு சொல்லும்."

இந்திராணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்படி அவங்களுக்கு என்னண்ணே பண்ணிட்டாரு இவங்க தாத்தா?"

நாகலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வெட்டுப்பட்டது அப்பத்தாவோட புருசன்."