முப்பது வீரர்களுக்குத் தரை

கல்யாணமாகி எட்டு மாதமாகியும் நாத்தனார் வசுமதி சுகந்தியோடு ஒட்டவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வசுமதி சொல்லாமல் வந்து நின்றபோது, மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்காகச் சுகந்தி வர்ணம் தீட்டிய கட்டைவிரல் உயரப் பொம்மைப் போர்வீரர்கள் முப்பது பேர் சாப்பாட்டு மேசையில் நின்றிருந்தார்கள். அவர்கள் நிற்கும் வட்டத் தகட்டில் எதை ஒட்டினால் நிஜத் தரைபோல இருக்கும் என்று பார்க்க, ரவையும் தேயிலைத்தூளும் மரத்தூளும் கிண்ணங்களில் காத்திருந்தன. பொம்மை விளையாட்டா என்று சிரிக்கப்போகிறாள் என நினைத்துச் சுகந்திக்கு முகம் சுருங்கியது.

வசுமதி ஒரு வீரனை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். “இவங்க எங்க சண்டை போடுறாங்க அண்ணி?”

“ஆத்தங்கரையில.”

“அப்ப ரவை எதுக்கு? எறும்புல்ல மொய்க்கும்!”

கட்டுமான நிறுவனமொன்றில் மணலைச் சலித்துச் சோதிப்பதுதான் வசுமதியின் வேலை. வீடு கட்டிக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரரிடம் இரண்டு கை மணல் கேட்டு வாங்கி, இருவரும் மாவுச் சல்லடையில் சலித்தார்கள். பசை தடவிய தகட்டை அதில் அழுத்தி எடுத்ததும், முதல் வீரனின் காலடியில் ஓர் ஆறு வற்றிக் கிடந்தது. சுகந்தி கைதட்டியேவிட்டாள்.

“எதிரிப் படை யாரோடது?”

“உங்க அண்ணனோடது. சாயங்காலம் போர்.”

வசுமதி துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். “கொஞ்சம் நகருங்க அண்ணி. சின்ன வயசுல கேரம்ல என்னை ஏமாத்தியே ஜெயிச்சவன் அவன்.”