பூனைக்குப் பழகட்டும்

சமையலறையும் படுக்கையும் உள்ள அந்தப் பெரிய வேனில் எல்லாரும் ஏறியாயிற்று. நாய் ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொண்டது. பூனை கூடைக்குள். அப்பா சாவியைப் போட்டார், திருகவில்லை.

"இன்னிக்காவது கிளம்புவோமா?" என்றான் சின்னவன். ஏறுவதும் இறங்குவதுமாக ஐந்து நாள் விடுமுறை போய்விட்டது.

"பூனைக்கு வண்டி இன்னும் பழகலடா, மிரளுது," என்றாள் அம்மா.

"ஆமாம்ப்பா, பாவம், நடுங்குது. நாளைக்குப் போகலாம்," என்றாள் பெரியவள்.

சின்னவனுக்குப் பொறுக்கவில்லை. கூடையைத் திறந்தான். பூனை மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, இது எங்க நடுங்..."

பெரியவள் அவன் தொடையில் கிள்ளி, கண்ணால் முன்பக்கம் காட்டினாள்.

ஸ்டியரிங் மேலிருந்த அப்பாவின் கைகள் வெடவெடத்தன. போன வருட விபத்துக்குப் பிறகு அவர் எந்த வண்டியையும் ஓட்டியதில்லை.

சின்னவன் கூடையை மெல்ல மூடினான்.

"ஆமாம்ப்பா, ரொம்பப் பயப்படுது. நீங்க மெதுவா ஓட்டினா சரியாயிடும்."

அப்பா கண்ணாடியில் மகனையே பார்த்தார். பிறகு சாவியைத் திருகினார். வண்டி ஊர்ந்து ஊர்ந்து கேட்டைத் தாண்டியது.

தெருமுனையில், "இடதா, வலதா?" என்று கேட்டார்.

யாருக்கும் பதில் தெரியவில்லை. இவ்வளவு தூரம் வருவோம் என்று ஒருவரும் நினைத்திருக்கவில்லை.